எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது: வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூண்டுச் சீரமைப்பு

பழைய கோயிலையோ கோட்டையையோ புதுப்பிப்பவர் கட்டடத்தைக் காத்தால் போதும். மணிக்கூண்டைப் புதுப்பிப்பவருக்கு வேலை இரட்டிப்பு. கூண்டு ஒரு கட்டடம். அதற்குள் இருப்பது ஓர் இயந்திரம். கட்டடம் அசையாமல் நிற்க வேண்டும். இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும், பிசகாமலும் ஓட வேண்டும். தேய்ந்த சிற்பத்தைத் தேய்ந்தபடியே விட்டுவைப்பது நல்ல பாதுகாப்பு. தேய்ந்த பற்சக்கரத்தை அப்படியே விட்டால் ஒருநாள் அது எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு நிற்கும்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் மணிக்கூண்டில் 2017 முதல் 2022 வரை நடந்த சீரமைப்பு இந்தச் சிக்கலை முழுமையாக எதிர்கொண்ட பணி. உலகம் ‘பிக் பென்’ என்று அழைக்கும் அந்தக் கூண்டின் முறையான பெயர் 2012 முதல் எலிசபெத் கோபுரம். பிக் பென் என்பது உள்ளே தொங்கும் பெரிய மணிக்கு மக்கள் வைத்த பெயர். அந்தப் பணியில் ஒரே கோபுரத்தின் வெவ்வேறு உறுப்புகளுக்கு வெவ்வேறு நெறி பின்பற்றப்பட்டது. சிலவற்றின் குறை அப்படியே விடப்பட்டது. சில பழைய நிலைக்குத் திரும்பின. சில முற்றிலும் நவீனமாயின. மேலோட்டமாகப் பார்த்தால் இது முரண். ஒவ்வோர் உறுப்பின் பெருமையும் எதில் இருக்கிறது என்று தனித்தனியே கேட்டதால் வந்த முடிவுகள் இவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு நொடி என்ற நிபந்தனை

1834 அக்டோபர் 16 அன்று பழைய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை தீயில் எரிந்தது. புதிய அரண்மனையைக் கட்டும் பொறுப்பு போட்டியில் வென்ற சார்ல்ஸ் பாரிக்குக் கிடைத்தது. 96 மீட்டர் உயர மணிக்கூண்டின் கோதிக் வடிவம் அவருடன் பணியாற்றிய அகஸ்டஸ் பியூஜின் வரைந்தது. கோபுரம் எழுந்து முடியும் முன்பே, 1852இல், பியூஜின் இறந்துவிட்டார்.

கடிகாரத்துக்கான நிபந்தனையை அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி வகுத்தார். ஒவ்வொரு மணியின் முதல் அடியும் ஒரு நொடிக்குமேல் பிசகக் கூடாது. கடிகாரத்தின் போக்கு தந்தி வழியாகக் கிரீனிச் வானாய்வகத்துக்குத் தெரிய வேண்டும். அக்காலக் கடிகாரக்காரர்கள் பலர் இது நடக்காத காரியம் என்றார்கள். காரணம் எளிது. கோபுரக் கடிகாரத்தின் முட்கள் வெட்டவெளியில் இருக்கின்றன. காற்று அவற்றைத் தள்ளும். பனி அவற்றின்மீது படியும். அந்தச் சுமை பற்சக்கரங்கள் வழியாக உள்ளே இறங்கி ஊசலின் வீச்சைக் கெடுக்கும்.

இதற்கு விடை கண்டவர் எட்மண்ட் பெக்கெட் டெனிசன். தொழிலால் வழக்கறிஞர், கடிகாரவியலில் தானாகவே தேர்ந்தவர். சாதாரணக் கடிகாரத்தில் சக்கரத் தொடரின் விசை ஊசலை நேரே தள்ளும். டெனிசன் அதை இடையில் துண்டித்தார். அவருடைய அமைப்பில் சக்கரத் தொடர் இரண்டு சிறு கைகளைத் தூக்கிவைப்பதோடு சரி. தூக்கிய கை தன் எடையால் இறங்கும்போதுதான் ஊசலுக்குத் தள்ளல் கிடைக்கிறது. கையின் எடை மாறாது. ஆகவே தள்ளலும் மாறாது. வெளியே புயல் அடித்தாலும் ஊசலுக்கு அது எட்டுவதில்லை. ‘கிராவிட்டி எஸ்கேப்மென்ட்’ எனப்படும் இந்த அமைப்பு பின்னர் உலகின் பல கோபுரக் கடிகாரங்களுக்கு முன்மாதிரியானது.

இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியவர் எட்வர்ட் டென்ட். 1853இல் அவர் மறைந்தபின் வளர்ப்பு மகன் ஃபிரெடரிக் 1854இல் முடித்தார். ஏறத்தாழ 5 டன் எடை. 4.4 மீட்டர் நீள ஊசல் இரண்டு நொடிக்கு ஒருமுறை அடிக்கிறது. அதன்மேல் பழைய ஒரு பென்னி நாணயத்தை வைத்தால் ஊசலின் எடைமையம் நூலளவு மேலேறி, கடிகாரம் ஒரு நாளைக்கு 0.4 நொடி வேகமாக ஓடும். எடுத்தால் அதே அளவு மெதுவாகும். நேரத்தைத் திருத்தும் முறை இன்றும் இதுதான். 1859 மே 31 அன்று கடிகாரம் ஓடத் தொடங்கியது.

விரிசலோடு ஒலிக்கும் மணி

முதல் பெரிய மணி 1856இல் வடக்கு இங்கிலாந்தில், ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் அருகே வார்க்கப்பட்டது. லண்டனுக்குக் கொண்டுவந்து அரண்மனை முற்றத்தில் அடித்துச் சோதித்தபோது 1857 அக்டோபரில் விரிந்துபோனது. அதை உடைத்து உருக்கி, 1858 ஏப்ரலில் ஒயிட்சேப்பல் வார்ப்புச்சாலை மறுபடி வார்த்தது. 13.7 டன் எடை, 2.7 மீட்டர் விட்டம். 1859 ஜூலை 11 அன்று அது முதன்முறை மணி அடித்தது. செப்டம்பரில் இதுவும் விரிந்தது. வார்ப்புச்சாலை சொன்ன எடையைப்போல் இரு மடங்குக்கும் மேலான சுத்தியலை டெனிசன் பயன்படுத்தியிருந்தார்.

மூன்றாவது மணியை வார்த்திருக்கலாம். ஏரி சொன்ன வழி சிக்கனமானது. மணியை எட்டில் ஒரு பங்கு திருப்பினார்கள். விரிசல் இல்லாத பக்கம் அடி விழுமாறு செய்தார்கள். விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் முனையில் சிறு சதுரத் துண்டை வெட்டி எடுத்தார்கள். இலகுவான சுத்தியலைப் பொருத்தினார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டு மௌனத்துக்குப்பின் மணி மீண்டும் ஒலித்தது.

அந்த விரிசல் இன்றும் இருக்கிறது. மணியின் நாதத்தில் உள்ள மெல்லிய கரகரப்புக்கும் அதிர்வுக்கும் அதுவே காரணம். 1923 டிசம்பர் 31 நள்ளிரவில் பிபிசி வானொலி அந்த ஒலியை முதன்முறை ஒலிபரப்பியது முதல், உலகம் காதில் பதித்துக்கொண்டது விரிந்த மணியின் ஒலியைத்தான். அண்மைச் சீரமைப்பில் அதைத் திருத்த யாரும் முயலவில்லை. திருத்தியிருந்தால் கிடைத்திருப்பது வேறொரு மணி.

1976: இயந்திரம் சிதறிய இரவு

1976 ஆகஸ்டு 5 அதிகாலையில் கடிகார அறைக்குள் பேரோசை கேட்டது. கால்மணி ஒலிகளை இயக்கும் சக்கரத் தொடரின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு விசிறி உண்டு. அதன் தண்டு முறிந்தது. கட்டுப்பாடு போனதும், தொடரை இயக்கும் ஒரு டன்னுக்குமேல் எடையுள்ள குண்டு கோபுரத்தின் உட்குழாயில் தடையின்றி இறங்கியது; சக்கரங்கள் வெறிவேகத்தில் சுழன்று உடைந்து சிதறின. முதலில் வெடிகுண்டோ என்றுகூடச் சந்தேகித்தார்கள். ஆய்வு காட்டிய காரணம் உலோகச் சோர்வு. 117 ஆண்டுகளாகப் பகலும் இரவும் முறுக்குண்ட தண்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் மெல்ல வளர்ந்து, ஓர் இரவில் முழுதாக அறுந்தது.

1977 மே மாதம் இயந்திரம் முழு அளவில் திரும்பியபோது கால்மணித் தொடரின் பெரும்பகுதி புதிது. அப்படியானால் இன்று நாம் காணும் கடிகாரம் விக்டோரியா காலத்ததா? உலோகத்தை மட்டும் பார்த்தால் ஒரு பகுதி ஆம், ஒரு பகுதி இல்லை. வடிவமைப்பையும் இயங்கும் முறையையும் பார்த்தால் ஐயமின்றி ஆம். இயந்திரத்தின் உண்மைத்தன்மை அதன் செயலில் இருக்கிறது. தேய்வதற்கென்றே இருக்கும் உறுப்பைப் பழைய அளவில் புதிதாகச் செய்து பொருத்துவது அந்த உண்மைக்குக் குந்தகம் ஆகாது. தேயவிட்டு உடைவதுதான் குந்தகம்.

திறந்த பிறகே தெரிந்த நோய்

2017 ஆகஸ்டு 21 நண்பகல் பன்னிரண்டு அடித்தபின் மணிகள் நிறுத்தப்பட்டன. மணிமாடத்தில் ஒலியளவு 120 டெசிபலை நெருங்கும். அருகே சாரத்தில் நிற்கும் தொழிலாளர்களின் செவியைக் காக்க வேறு வழியில்லை. புத்தாண்டு, போர் நினைவு ஞாயிறு போன்ற நாட்களில் மட்டும் மின்விசையால் மணி அடிக்கப்பட்டது. இந்த நீண்ட மௌனத்துக்கு நாடாளுமன்றத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. அன்றைய பிரதமர் தெரசா மேயும் மறுபரிசீலனை கோரினார். ஆனாலும் பணி திட்டப்படியே நடந்தது.

கோபுரம் முழுவதும் சாரம் கட்டிக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தபோதுதான் சேதத்தின் ஆழம் தெரிந்தது. 1941 மே மாத ஜெர்மன் குண்டுவீச்சின் காயங்கள் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தன. மணிமாடத்தில் கல்நார் கிடைத்தது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருந்தது. யார்க்‌ஷயர் பகுதியின் ஆன்ஸ்டன் சுண்ணாம்புக்கல்லால் எழுந்த கோபுரம் இது; லண்டனின் நிலக்கரிப் புகை அந்தக் கல்லை அரித்தது. 1930களிலேயே ரட்லண்டின் கிளிப்‌ஷாம் கல்லை மாற்றாக வைக்கத் தொடங்கியிருந்தார்கள். இம்முறையும் நூற்றுக்கணக்கான கல் உறுப்புகள் அதே முறையில் செதுக்கி மாற்றப்பட்டன. வார்ப்பிரும்புக் கூரையின் துண்டுகளைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் துருநீக்கிச் சரிசெய்தார்கள்.

இயந்திரத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் கழற்றப்பட்டு, வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா கிளாக் கம்பெனியின் பட்டறைக்குப் போயின. அங்கே ஒவ்வொன்றும் சுத்தமாக்கப்பட்டது, தேய்ந்தவை சரிசெய்யப்பட்டன. அந்தக் காலத்தில் லண்டன் மக்களுக்கு நேரம் காட்ட, சாரத்துக்கு வெளியே தெரிந்த முகப்பின் முட்களை ஒரு மின்மோட்டார் ஓட்டியது.

இந்தத் தற்காலிக ஏற்பாட்டில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. நேரம் காட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் மின்மோட்டாரே போதும் என்பது கண்ணெதிரே நிரூபணமானது. பராமரிப்பும் செலவும் மிகக் குறைவு. ஆனாலும் பணி முடிந்ததும் மோட்டாரை எடுத்துவிட்டு டெனிசனின் இயந்திரத்தையே திரும்பப் பொருத்தினார்கள். கைபேசியில் நேரம் பார்க்கும் ஊருக்கு மணிக்கூண்டு தருவது நேரத்தை அல்ல. அந்நாளில் முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்றை இரும்பும் பித்தளையும் ஈர்ப்புவிசையும் கொண்டு சாதித்த அறிவை, இயங்கும் நிலையில் அது வைத்திருக்கிறது. காட்சிப்பேழைக்குள் நிற்கும் இயந்திரத்திடம் அந்த அறிவைக் கற்க முடியாது.

கறுப்பா, நீலமா?

முகப்புகளைப் பற்றிய முடிவுதான் அதிகம் பேசப்பட்டது. நம் தலைமுறை அறிந்த முகப்பின் எண்களும் முட்களும் சட்டங்களும் கறுப்பு. சாரம் இறங்கியபோது அவை அடர்நீலமாகத் தெரிந்தன. வண்ண அடுக்குகளை நுண்ணாய்வு செய்தபோது அடியில் கிடைத்தது பிரஷ்யன் நீலம். 1859இல் நீலமாக இருந்த முகப்பு, புகைக்கரி தெரியாமலிருக்க 20ஆம் நூற்றாண்டில் கறுப்பாக்கப்பட்டிருந்தது. தங்கப்பூச்சும், முகப்புகளுக்கு மேலுள்ள வெண்ணிறக் கேடயங்களில் செஞ்சிலுவையும் பழைய பொலிவுக்குத் திரும்பின. ஒவ்வொரு முகப்பிலும் 324 துண்டாக நான்கிலும் 1,296 கண்ணாடிகள். அத்தனையும் கழற்றிப் புதிதாகச் செய்த பால்நிறக் கண்ணாடி பொருத்தப்பட்டது.

இதற்குத் தத்துவ ரீதியான எதிர்ப்பு உண்டு. அதைப் புறக்கணிக்கக் கூடாது. 1877இல் வில்லியம் மாரிஸ் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழைய காலத்துக்குத் திருப்புகிறோம் என்று சொல்லி இடைக்கால வரலாற்றைச் சுரண்டி எறிவதைக் கண்டித்தது. 1964இன் வெனிஸ் சாசனமும் எல்லாக் காலங்களின் பங்களிப்பையும் மதிக்கச் சொல்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. இந்த எச்சரிக்கைக்கு நல்ல உதாரணம் டெனிசனே. பின்னாளில் கிரிம்தார்ப் பிரபு ஆன அவர், செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயத்தைத் தன் பணத்தில் சீரமைக்கிறேன் என்று சொல்லி, மேற்கு முகப்பைத் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டினார். கடிகாரத்தில் மேதையாக விளங்கியவர் கட்டடத்தில் செய்தது அழிவு.

வெஸ்ட்மின்ஸ்டர் நீலம் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆளாகுமா? ஆகாது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, நீலம் ஊகத்தில் வந்ததல்ல. அடுக்கடுக்காகப் படிந்த பூச்சே சாட்சி. இரண்டாவது, நீக்கப்பட்ட கறுப்பு எந்தக் காலத்தின் அழகுணர்வையும் சொல்லவில்லை. மாசுக்குப் பணிந்த ஒரு வசதி அது. காற்றில் கரி குறைந்தபின் அந்த வசதிக்குத் தேவை இல்லை. மாறாக, பெரிய மணியின் விரிசல் ஒலியையே மாற்றிய நிகழ்வு. அது கோபுரத்தின் வரலாறு. ஆகவே விரிசல் நின்றது, கறுப்பு போனது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே அளவுகோல்தான்.

நவீனம் நுழைந்த இடங்கள்

நவீனமயமாக்கல் எங்கே நடந்தது என்பது அடுத்த கேள்வி. முகப்புகளுக்குப் பின்னிருந்த விளக்குகளுக்கு மாற்றாக எல்இடி விளக்குகள் வந்தன. அவற்றின் நிறத்தைச் சரிசெய்து, தொடக்ககால எரிவாயு விளக்கின் பசுமை கலந்த ஒளிக்கு நெருக்கமாகக் கொண்டுவர முடியும். கருவி புதிது, அது தரும் தோற்றம் பழையது.

மணிமாடத்துக்கு 334 படிகள். மேலே யாருக்காவது உடல்நலம் கெட்டால் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது. கோபுரத்துக்குள் முதலிலிருந்தே இருந்த காற்றோட்டப் பாதையில் இம்முறை மின்தூக்கி அமைத்தார்கள். வெளித்தோற்றத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் வெற்றிடத்தைப் பயன்படுத்தியது அந்த முடிவின் நுட்பம்.

நேரத்தைச் சரிபார்ப்பதும் மாறியது. தொடக்கத்தில் கிரீனிச் தந்தி, பிறகு தொலைபேசியில் நேரம் சொல்லும் சேவை, இப்போது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போகும் ஜிபிஎஸ். ஆனால் ஜிபிஎஸ் முள்ளை நகர்த்துவதில்லை. எவ்வளவு பிசகு என்று சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. திருத்தம் பென்னி நாணயத்தாலேயே நடக்கிறது. வாரம் மூன்று முறை பணியாளர்கள் ஏறிச் சாவி கொடுக்கிறார்கள், எண்ணெய் பார்க்கிறார்கள், பிசகைக் குறித்துக்கொள்கிறார்கள்.

மனிதரின் பாதுகாப்பு, வெளிச்சம், அளவீடு ஆகியவை நவீனமாயின. நேரத்தை உண்டாக்கும் வேலையை இயந்திரத்திடமிருந்து யாரும் பறிக்கவில்லை. வேண்டாம் என்றால் நாளை விளக்கையும் ஜிபிஎஸ்ஸையும் கழற்றிவிடலாம். இயந்திரத்தில் ஒரு வடுவும் இராது. திரும்பப் பெறக்கூடிய மாற்றமே பழம்பொருளில் செய்யத் தகுந்த மாற்றம் என்ற நெறி இங்கே காப்பாற்றப்பட்டது.

செலவு என்ற கடினமான கேள்வி

முதல் மதிப்பீடு 2.9 கோடி பவுண்டு. 2017இல் அது 6.1 கோடியானது. 2020 பிப்ரவரியில் 7.97 கோடியை எட்டியது. மக்கள் வரிப்பணம் என்பதால் கோபம் நியாயமானது. ஒன்றரை நூற்றாண்டு கண்ட கோபுரத்தில் சாரம் கட்டித் திறந்து பார்க்குமுன் உறுதியான தொகை சொல்ல முயன்றதே முதல் பிழை. கல்நாரும் குண்டுக்காயமும் வரைபடத்தில் தெரியாது. விரிவான பூர்வாங்க ஆய்வுக்கு முதலில் தனியே பணம் ஒதுக்கி, அதன் முடிவைக் கொண்டு மதிப்பீடு செய்வதே நேர்மையான வழி.

இதற்கு முந்தைய பெரிய சீரமைப்பு 1980களில் நடந்தது. இடைப்பட்ட முப்பதாண்டுகளுக்குமேல் மழைநீர் கசிந்ததும் இரும்பு துருப்பிடித்ததும் இந்தத் தொகையில் அடக்கம். தள்ளிப்போட்ட பராமரிப்பு வட்டியோடு திரும்பி வரும். கோவிட் காலத் தடங்கலும் சேர்ந்துகொள்ள, 2022 நவம்பர் 13, போர் நினைவு ஞாயிறு அன்றுதான் மணிகள் வழக்கமான பணிக்குத் திரும்பின.

மற்ற மணிக்கூண்டுகளுக்கு

வெஸ்ட்மின்ஸ்டர் ஒலிக்கும் கால்மணி இசை கேம்பிரிட்ஜின் புனித மரியாள் ஆலயத்தில் 1793இல் தோன்றியது. லண்டன் எடுத்தாண்டபின் உலகெங்கும் பரவியது. சென்னை ரிப்பன் மாளிகையில் 1913இல் பொருத்திய கடிகாரமும் அந்த இசைமுறையைச் சேர்ந்ததே. அதுவும் சாவி கொடுத்து ஓட்டும் இயந்திரம். ஆகவே லண்டனில் எடுத்த முடிவுகள் நமக்கு அந்நியமானவை அல்ல.

பல ஊர்களில் பழைய மணிக்கூண்டுக் கடிகாரம் நின்றுபோனால், இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மின்கடிகாரத்தைப் பொருத்துவதே புதுப்பித்தல் என்று கருதப்படுகிறது. கல்லும் சுண்ணாம்பும் பளபளக்கும். கூண்டைக் கூண்டாக்கிய அறிவு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். வெஸ்ட்மின்ஸ்டர் அளவு பணம் எந்த நகராட்சியிடமும் இராது. ஆனால் அங்கே நடந்த பணியின் முக்கியமான பகுதிக்குப் பெரும்பணம் தேவையில்லை. முதலில் இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் படம்பிடித்து, அளந்து, பட்டியலிட வேண்டும். எது தேய்மானம், எது வரலாறு என்று பிரித்தறிய வேண்டும். ஓட்டப் பணமில்லாத நிலையில் மோட்டாரைப் பொருத்தினாலும், பழைய இயந்திரத்தை அதன் இடத்திலேயே எண்ணெயிட்டு விட்டுவைக்க வேண்டும். பணம் வரும் நாளில் அதை மீண்டும் ஓட்டலாம். விற்ற இரும்பை மீட்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் வேண்டும். வாரத்தில் சில நாள் படியேறிச் சாவி கொடுக்கவும், பல்லின் தேய்மானத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கவும் தெரிந்த ஒருவர். அவரிடம் கற்றுக்கொள்ள இன்னொருவர். ஒரு மணிக்கூண்டைப் புதுப்பிக்க எட்டுக் கோடி பவுண்டு செலவிட்ட நாடும் கடைசியில் அத்தகைய சிலரின் கையில்தான் அதை ஒப்படைத்திருக்கிறது. புதுப்பிப்புத் திட்டம் தீட்டும் எந்த நகராட்சியும், கல்லுக்கும் வண்ணத்துக்கும் ஒதுக்குவதற்கு முன் அந்த இருவரின் சம்பளத்தை நிரந்தரச் செலவாக எழுதிவைக்க வேண்டும். அதை எழுதாத திட்டம், அடுத்த பழுது வரும்வரைக்குமான திட்டம் மட்டுமே.